யூருனின் ஹேண்ட் பிரேக்

கையில் கல் மாதிரி இறுகி நிற்கிற ஹேண்ட் பிரேக், சக்கரத்தை மட்டும் ஏன் பிடிக்கவில்லை? மே பதினாறாம் தேதி காலையில் யூருன் என்னிடம் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பள்ளியை முடித்துவிட்டு ஃபெர்ரியில் கார்களை ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவரைத் திருப்பி அனுப்ப மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

யூருன் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. முடி திருத்துவது அவர் தொழில், ஆனால் கடை கிடையாது. தலை கழுவும் தொட்டியையும் முடி உலர்த்தும் கூண்டையும் பழைய காரின் பின்புறத்தில் திணித்துக்கொண்டு தீவு தீவாகப் போவார். கணவர் பிரிந்து போனபோது வீட்டை அவர் எடுத்துக்கொண்டார், காரை யூருன் கேட்டு வாங்கிக்கொண்டார். "வீடு என்னைக் கூட்டிட்டுப் போகாதே" என்பார்.

ஹெல்லேய் தீவின் முதியோர் இல்லத்தை நம்பித்தான் அவர் பிழைப்பு ஓடியது. மே பதினேழு எங்கள் நாட்டின் தேசிய நாள். ஊர்வலம் வரும்போது அந்த இல்லத்துப் பெண்கள் எல்லோரும் வெள்ளிப் பொத்தான் வைத்த உடையில் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு முந்தைய நாள் முழுக்க யூருனுக்கு அங்கேதான் வேலை. ஆனால் ஈஸ்டருக்குப் பனியில் மாட்டிக்கொண்டு அவர் போகவில்லை. இன்னொரு முறை வராவிட்டால் வேலையை நகரத்துக் கடைக்குக் கொடுத்துவிடுவதாக இல்லத்தின் நிர்வாகி சொல்லியிருந்தார்.

மே பதினாறுக்கு முந்தைய வாரம்தான் அவருடைய கார் எங்கள் ஃபெர்ரியில் உருண்டது. கரை நெருங்கியதும் யூருன் கிளட்சை மிதித்து வண்டியைக் கிளப்பினார். ஃபெர்ரி துறையில் இடித்தது. அவர் பதறி இழுத்த ஹேண்ட் பிரேக் எதையும் பிடிக்காததால் கார் முன்னால் போய் ரொட்டி வேனை முட்டியது. அதிலிருந்து கேப்டன் ஓஸ்முன் ஒரு விதி போட்டார். யூருனின் கார் துறைச் சரிவில் கியர் இல்லாமல், ஹேண்ட் பிரேக்கில் மட்டும் நின்று காட்ட வேண்டும். நின்றால்தான் ஏற்ற வேண்டும்.

பதினாறாம் தேதி முதல் ஃபெர்ரிக்கு அவர் வந்தார். சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் நெம்புகோலை இழுத்து, கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் நிதானமாகப் பின்னால் உருண்டது.

"சுன்னிவா, இவ்வளவு இறுக்கமா இருக்கு பாரு! கை வலிக்குது. அப்புறம் ஏன் பிடிக்க மாட்டேங்குது?"

"தெரியல யூருன். ஆனா ஏத்த முடியாது. கேப்டன் மேலேருந்து பாத்துட்டிருக்காரு."

"அவருக்கு முடி வெட்டறதே நான்தான். அடுத்த தடவை காதைப் பத்திரமா வச்சுக்கச் சொல்லு."

நாங்கள் போய்த் திரும்பியபோது கார் துறை ஓரத்துச் சரளையில் நின்றது. யூருனின் தம்பி ஸ்யூர் உள்ளே குனிந்து, நெம்புக்கு அடியில் இருக்கிற நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். மீன் பண்ணையில் வேலை செய்பவர். எதற்கும் கூச்சப்படாமல் பதில் சொல்லுவார்.

"கேபிள் தளர்ந்து போச்சு. ரெண்டு சுத்து போதும்."

இரண்டு சுற்று போட்டார். கார் சரிவில் உருண்டது. இன்னும் மூன்று சுற்று. இப்போது நெம்பு அதன் பல்வரிசையில் ஒரு பல் கூட ஏற மறுத்தது. கார் அப்போதும் உருண்டது.

"இன்னும் கொஞ்சம்..."

"இன்னும் கொஞ்சம் திருகினா கேபிள் அறுந்து உன் மூக்குல அடிக்கும். விடுடா!"

அடுத்த ஃபெர்ரியும் அவர் இல்லாமலே போனது. நான் திரும்பி வந்தபோது முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியிருந்தார்கள். நெம்பை முடிந்தமட்டும் இழுத்து வைத்திருந்தார்கள். ஆனாலும் யூருன் கையால் தள்ளினால் பின்சக்கரம் தாராளமாகச் சுழன்றது.

"கேபிள் இழுக்குது. ஆனா இழுத்தது இங்க வந்து சேரல. நடுவுல எதுவோ மாட்டிக்கிட்டிருக்கு" என்றார் யூருன்.

சக்கரத்தைக் கழற்றினார்கள். அதன் பின்னால் இருக்கிற இரும்புத் தட்டு வரவில்லை. ஸ்யூர் சுத்தியலால் அடித்தார், திட்டினார், மறுபடி அடித்தார். கடைசியில் தட்டு துருவைக் கொட்டிக்கொண்டு கழன்றது. அதற்குள்ளே, தட்டை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற இரண்டு சிறிய பிரேக் ஷூக்கள். கேபிள் இழுக்கும்போது அவற்றை விரித்துத் தள்ள வேண்டிய குட்டிக் கை துருவில் கெட்டியாக ஒட்டியிருந்தது. கேபிள் எவ்வளவு இழுத்தாலும் அந்தக் கை அசையாது. நெம்பு இறுகியதற்கும் காரணம் அதுதான்.

"எப்படிடா இவ்வளவு துரு?"

"நீ இழுக்கறதே இல்லையே. கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டுத்தானே போவ?"

"உறைபனியில இழுத்தா ஒட்டிக்கும்னு அப்பா சொன்னாரு."

"எனக்கும்தான் சொன்னாரு."

"ஜூலையிலயுமா இழுக்கக் கூடாது?"

ஸ்யூர் யோசித்தார். "ஜூலையப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல."

யூருன் கையிலிருந்த துணியைச் சரளையில் வீசி எறிந்தார். "பதினெட்டு வருஷமா கல்லு தூக்கிட்டிருக்கேன்!"

துரு இளக்கும் எண்ணெய் அடித்து, அந்தக் கையை முன்னும் பின்னும் அசைத்தார்கள். அசைந்து கொடுத்த நேரத்தில் ஸ்பிரிங் ஒன்று தெறித்துக் கற்களுக்கு இடையே விழுந்தது. இருவரும் மண்டியிட்டுத் தேடினார்கள். நான் அந்த நேரம் ஃபெர்ரிக்கு ஓட வேண்டியிருந்தது; திரும்பியபோது ஸ்பிரிங் கிடைத்திருந்தது. ஷூக்களை விரிக்கிற பல்சக்கரத்தைத் திருக ஸ்க்ரூடிரைவர் நுழையவில்லை என்று யூருன் தன் சீப்பின் எஃகு வாலை விட்டிருக்கிறார். அது வளைந்து போனது. அடுத்த பயணத்தில் நான் எங்கள் பெட்டியிலிருந்து மெல்லிய ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்து கொடுத்தேன்.

இந்த முறை வரிசை சரியாக இருந்தது. முதலில், ஸ்யூர் இறுக்கிய கேபிளை முழுக்கத் தளர்த்தினார்கள். பிறகு தட்டை மாட்டி, ஷூ அதில் லேசாக உரசும் வரை பல்சக்கரத்தைத் திருகி, சற்றே திருப்பித் தளர்த்தினார்கள். இரண்டு பக்கமும் முடிந்த பிறகுதான் கேபிளைத் தொட்டார்கள். காலையில் இதைத் தலைகீழாகச் செய்துதான் அத்தனை நேரமும் போயிருந்தது.

பிற்பகல் ஃபெர்ரிக்கு யூருன் சரிவில் காரை நிறுத்தினார். நெம்பை இழுத்துக் காலை எடுத்தார். கார் அசையவில்லை. ஓஸ்முன் மேலிருந்து கட்டை விரலைக் காட்டினார். யூருன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நகத்தில் ஏறியிருந்த கறுப்பு அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கொடிகளும் குழந்தைகளும் நிறைந்த ஃபெர்ரியில் அவர் திரும்பி வந்தார். வண்டியை நிறுத்தி நெம்பை ஓங்கி இழுத்தார்.

"எப்படிப் போச்சு?" என்றேன்.

"நான் போறதுக்குள்ள நகரத்துக் கடைப் பொண்ணு பாதிப் பேர் தலைய முடிச்சிட்டா. மீதிப் பாதிய நான் செஞ்சேன். நிர்வாகி காபி குடுத்துட்டு, இனிமே அந்தப் பொண்ணே வரட்டும்னு சொல்லிட்டாங்க."

"பிரேக் பழுதுன்னு சொல்லலையா?"

"சொன்னேன். 'ஈஸ்டருக்குப் பனி, இப்ப பிரேக்கா?'ன்னு கேட்டாங்க." அவர் நெம்பைத் தட்டினார். "இப்ப நல்லாத்தான் பிடிக்குது. பிடிச்சு என்ன பண்ண?"

 ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அறிவுரையின் முதல் பாதியைத்தான் சொல்கிறார்கள்: உறைபனியில் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதே. பனி உருகியதும் தினமும் இழுத்து விடு, இல்லாவிட்டால் உள்ளே துருவேறி ஒட்டிக்கொள்ளும் என்ற மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அதனால் யூருன் ஒரு நாளையும் ஒரு வேலையையும் இழந்தார். இதைப் படிக்கிறவர்கள் பழைய கார் வைத்திருக்கும் ஒருவருக்காவது யூருனின் கதையைச் சொல்லுங்கள். தயவுசெய்து இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.