கஸ்தூரியிடம் நான் சொன்ன வார்த்தை

இதை எழுதலாமா என்று ஆறு வருஷமாக யோசித்தேன். தப்பு என்னுடையது, அதில் சாமி பேரும் இருக்கிறது. அதனால்தான் பேனா ஓடவில்லை.

திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் கீமோ வார்டில் ஆயம்மாவாக வேலை பார்த்தேன். நாராயணவனத்துக் கஸ்தூரிக்கு மார்பில் கட்டி. முதல் ஊசி அன்றைக்கே அழுதாள்.

"முடி கொட்டினா ஊருக்கே தெரிஞ்சுடும்க்கா. பொண்ணுக்கு வரன் பேசிக்கினு இருக்கோம். இனி ஊசிக்கு நான் வரலை."

"கொட்டுறதுக்குள்ள மலையேறி மொட்டை போட்டுக்கோ. வேண்டுதல்னு நினைப்பாங்க, யாரு கேக்கப் போறாங்க?" என்றேன். தைரியத்துக்காக இன்னொன்றும் சொன்னேன்: "முடியைப் பெருமாளுக்குக் குடு, நோயை அவரு பாத்துப்பாரு."

இரண்டாவது ஊசிக்கு மொட்டைத் தலையில் சந்தனத்தோடு சிரித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவதுக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. என் ஊர் பக்கத்துப் புத்தூர் என்பதால் நர்சம்மா என்னை அனுப்பினார்.

வீட்டுக்குப் போனபோது கஸ்தூரி தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள்.

"ஊசித் தேதி தாண்டிப் பத்து நாளாச்சு. ஏன்டி வரலை?"

"நீதானே சொன்ன, அவரு பாத்துப்பாருன்னு? பாத்துட்டாரு. கட்டி கரைஞ்சுடுச்சு, தொட்டுப் பாரு."

தொட்டேன். நிஜமாகவே சிறுத்திருந்தது. எனக்குக் குழம்பிப் போனது. மருந்துதான் கரைத்தது என்றால் பெருமாளைக் குறைத்துப் பேசுவதாகும். பெருமாள்தான் என்றால் இவள் வரமாட்டாள்.

"அந்தப் பேச்சு நான் சொன்னதும்மா. பெருமாள் சொல்லலை" என்றேன்.

"அப்ப அவரு பேரைச் சொல்லி என்னை ஏமாத்தினியா?"

அவள் தறியை நிறுத்தினாள்.

"அது உன் பேச்சுதான்னு எனக்கும் தெரியும்க்கா. அந்த ஊசி போட்டப்புறம் ஒரு வாரம் சோறு எறங்கலை. பயம். யாருகிட்ட சொல்றது? நீ சொன்னதைப் புடிச்சுக்கினு வீட்லயே இருந்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ எங்கே கேட்ட? நீயேதான் பேசிக்கினு இருந்த!"

மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிவந்தேன். வழியெல்லாம் அவள் பேசினாள், நான் கேட்டேன். மீதி ஊசிகளையும் போட்டுக்கொண்டாள், ஆபரேஷனும் ஆனது.

கட்டியைக் கரைத்தது யார் என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தினமும் விளக்கேற்றும்போது கேட்கிறேன். ஒன்று மட்டும் தெரியும்: பயந்தவளிடம் சாமி பேரைச் சொல்லுமுன் அவள் பயம் என்ன என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வேலைக்கு வரும் பெண்களுக்கு இதைச் சொல்லுங்கள். அற்புதமாக மாற்றிவிடாதீர்கள். நான் செய்த தப்பையும் விட்டுவிடாமல், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.