தாயாரம்மாள் வீட்டுக் குண்டுமல்லி

பிள்ளைப்பாக்கத்துத் தாயாரம்மாளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் அளக்கும்போது பாலைப் பார்க்கமாட்டாள். படிக்குள் நுழைகிற அவர் கட்டைவிரலைத்தான் பார்ப்பாள். கரண்ட்காரர் ரீடிங் எடுத்துப் போனால், ஸ்டூல் போட்டு ஏறி மறுபடி பார்ப்பாள். புருஷன் போன பிறகு பின்கட்டு அறையைக் கம்பெனிப் பெண்களுக்கு விட்டுப் பிழைப்பு ஓடியது. அந்த அறைக்கு எதிரே நின்ற குண்டுமல்லிச் செடிதான் அவளுக்கு உயிர்.

அரிசி கழுவிய தண்ணீர், முட்டை ஓடு, டீத்தூள் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தாள். பூக்கிற செடியில் கத்தி வைக்கலாமா என்று ஒரு கிளையைக்கூட வெட்டவிட்டதில்லை. செடியும் மதமதவென்று ஆளுயரம் வளர்ந்தது. பூ மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறைந்து, போன கோடையில் ஒரு முழம் தேறவில்லை. இவ்வளவு இலை இருக்கும்போது பூ எங்கே போகும்? யாரோ மொட்டிலேயே கிள்ளுகிறார்கள் என்று முடிவு கட்டினாள்.

யாரோ என்ன யாரோ, பின்கட்டு முத்துச்செல்விதான். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் வேலை. லைனில் பூ வைக்க விடமாட்டார்கள், அதனால் அவள் தலையில் பூவே கிடையாது. அதுதான் தாயாரம்மாளுக்கு இன்னும் உறுத்தியது. பூ வைக்காதவள் ஷிப்ட் முடிந்து வந்ததும் கிளையைத் தூக்கித் தூக்கி என்னத்தைத் தேடுகிறாள்?

பொங்கலுக்குப் பென்னலூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு இரண்டாம் நாள் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். செடியைக் காணோம். முழங்கால் உயரத்துக்குக் குச்சிகள் மட்டும், ஓர் இலைகூட இல்லாமல். லீவு கிடைக்காமல் ஊருக்குப் போகாத முத்துச்செல்வி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நாந்தான்க்கா வெட்டுனேன். எங்க ஊர்ல வருசா வருசம் இப்படித்தான் கவாத்து பண்ணுவாவ, இலையையும் உருவிருவாவ. தெனம் தூக்கித் தூக்கிப் பாத்தேன், எல்லாம் பழங்கிளை. புதுக் கிளையிலதான் மல்லி பூக்கும். சொல்லாம செஞ்சா சந்தோசப்படுவியன்னு..."

"இன்னாடி கதை வுடுற? இத்தினி நாளா பூவைத் திருடிக்கினு இருந்த, இப்போ செடியவே ஒழிச்சுட்டியா? நாளைக்கே வூட்ட காலி பண்ணு!"

அந்தப் பெண் அன்று ராத்திரியே துணிகளை மடித்து வைத்தாள். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்டலத்தில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

மாசியில் குச்சிகள் துளிர்த்தன. தாயாரம்மாள் அதையும் நம்பவில்லை. பங்குனியில் ஒவ்வொரு துளிரின் நுனியிலும் மும்மூன்றாக மொட்டு விட்டது. சித்திரையில் பறித்து மாளவில்லை, தெருவுக்கே கொடுத்தாள். ஒருநாள் பூ கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாரும் திருடவில்லை. வெட்டாத செடி பூக்கவில்லை, அவ்வளவுதான். நல்லது செய்த பெண்ணைத் துரத்திவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

நாலு முழம் கட்டி, வாழையிலையில் சுற்றிக்கொண்டு, தண்டலத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பகல் மூன்று மணி வெயிலில் போய் நின்றாள். ஷிப்ட் முடிந்து மற்றப் பெண்களோடு முத்துச்செல்வி இறங்கினாள்.

"இந்தா கண்ணு. நீ வெட்டிவுட்ட செடியில பூத்தது."

முத்துச்செல்வி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. நாளைக்கி நாந்தான் பறிச்சேம்பிய. நீங்களாத்தான் தாரியன்னு இந்தப் பிள்ளையளுக்கு முன்னால சொல்லிட்டுத் தாங்க."

தாயாரம்மாள் அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு கைதட்டி, இறங்கிய பெண்களையெல்லாம் கூப்பிட்டாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்கம்மா. இந்தப் பொண்ணு எதையும் திருடல. நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்."

முத்துச்செல்வி கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். தாயாரம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வூட்டுக்கு வந்துடு கண்ணு. ரூம் காலியாத்தான் கீது."

"பூ போதும்க்கா" என்றாள் முத்துச்செல்வி.