புரொபெஸ்ஸோரே அம்மி மிதித்த கதை

என் சித்தப்பா மகன் பேரின்பநாயகத்தின் மனைவி இராசேஸ்வரி. இத்தாலியின் பலேர்மோ நகரில் பதினொரு வருடமாக ஓர் அயர்லாந்துக் கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கம் அவர் வீடு. ஆங்கிலம் படிப்பித்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் புரொபெஸ்ஸோரே.

போன மாரியில் விழுந்து அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது, பயம் போகவில்லை. நடப்பார், குளியலறை வாசலில் உள்ள ஒற்றைப் படியில் மட்டும் கால் வைக்கமாட்டார். "ஞாயிற்றுக்கிழமை வருவேன். படி ஏறாவிட்டால் முதியோர் இல்லம்தான்" என்று மகள் நோரா டப்ளினிலிருந்து சொல்லிவிட்டாள். அவர் போனால் இராசேஸ்வரிக்கு வேலை இல்லை. வேலை ஒப்பந்தம் இல்லாமல் அவளுடைய வதிவிட அனுமதியை, அந்தப் பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க முடியாது.

சுகமாக இருந்த காலத்தில் கிழவர் ஒரு கதை சொல்வார். அவர் நாட்டில் தாரா என்ற குன்றில் ஒரு கல் நிற்கிறதாம். உரிமையுள்ள அரசன் கால் வைத்தால் நாடெல்லாம் கேட்கக் கத்துமாம். மற்றவன் வைத்தால் பேசாமல் கிடக்குமாம். அது ஞாபகம் வந்ததும் இராசேஸ்வரி ஒரேத்தோ தெருவில் உள்ள தன் வீட்டு அம்மியைக் கழுவத் தொடங்கினாள்.

"விசரே உனக்கு? அரைக்கிற கல்லில அந்த மனுசனை ஏத்தப் போறியோ?" என்றான் பேரின்பநாயகம்.

"கலியாணத்தில என்ர காலைத் தூக்கி வைச்சனீங்கள்தானே."

"அண்டைக்குக் கல்லு கத்தேல்லை."

"கத்தியிருந்தா நான் ஓடித் தப்பியிருப்பன். கதையாமல் வண்டிலுக்குள்ள தூக்கி வையுங்கோ."

சனிக்கிழமை காலை, துவாய் சுற்றிய அம்மி சந்தைச் சாமான் இழுக்கும் கைவண்டிலில் பஸ் ஏறியது. கிழவர் வீட்டுக் குளியலறை வாசலருகே இராசேஸ்வரி ஈரத்துணி விரித்து, அதைச் சுவரோடு அணைத்து வைத்தாள்.

"எங்கட ஊரில கலியாணப் பொம்பிளை இதில கால் வைக்கவேணும், புரொபெஸ்ஸோரே" என்று இத்தாலி மொழியில் சொன்னாள்.

"எனக்கு மாப்பிள்ளை ஆர்?"

"முதல் ஏறுங்கோ, பிறகு பாப்பம்."

பேரின்பநாயகம் பின்னால் பிடிக்க, கிழவர் ஒரு கால் வைத்தார். மற்றக் காலும் வைத்தார். குனிந்து கல்லைப் பார்த்தார். "கத்தவில்லையே. நான் அரசன் இல்லை" என்றார். காலைக் கீழே இறக்கப் பார்த்தார்.

இராசேஸ்வரி தொண்டை கிழியக் கத்தினாள். கீழ்வீட்டு நாய் குரைத்தது. பேரின்பநாயகம் திடுக்கிட்டுக் கையை விட்டுவிட்டான். கிழவர் சிரித்தார், சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்தபடியே தனியாக நின்றார். அன்று பொழுதுபட முன் அம்மியில் ஒன்பது தரம் ஏறி இறங்கினார்.

ஞாயிறு நோரா கோட்டுக்கூடக் கழற்றாமல் குளியலறை வாசலில் வந்து நின்றாள். தகப்பன் படியேறினார், கை கழுவினார், இறங்கி வந்தார்.

"குவெஸ்தூராவுக்கு எப்போது போகவேண்டும்?" என்று நோரா இராசேஸ்வரியிடம் கேட்டாள். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கும் பொலிஸ் அலுவலகம் அது.

"வாற வியாழன், சிஞ்ஞோரா."

"ஒப்பந்தத்தை எடுத்து வாருங்கள். இன்றைக்கே புதுப்பிப்போம்."

இராசேஸ்வரி குசினிக்குள் போய்க் கதிரையில் இருந்தாள். காலையிலிருந்து தொடாத சோற்றை அப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.