நெருப்பு வைக்கிற மாமா

என் மாமாவுக்குக் கலியாணம் சரிவராததற்கு அம்மா ஒருநாளும் சாதகத்தைக் குறை சொன்னதில்லை. பைன் மரங்களைத்தான் திட்டுவார். மாமா அம்மாவின் தம்பி. நன்றாகப் படித்தவர். வெலிமடைப் பக்கத்து மலையொன்றில் பைன் காட்டை வெட்டிக் குறைப்பதும், அதற்குள் அளவாக நெருப்பு வைப்பதும் அவருடைய உத்தியோகம். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு சம்பந்தம் இதைக் கேள்விப்பட்டதோடு நின்றுபோனது. ஊரெல்லாம் மரம் நடச் சொல்லும் காலத்தில், வெட்டிக் கொளுத்துகிறவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

நான் அதை நேரில் பார்த்தவள். பள்ளி விடுமுறையில் மாமா என்னை அங்கே கூட்டிப் போயிருந்தார். தேயிலை கைவிடப்பட்ட மலையில் யாரோ நெருக்கமாக நட்டுவிட்டுப் போன பைன். உள்ளே வெயில் விழாது. குருவிச் சத்தம்கூட இல்லை. காய்ந்த ஊசியிலை மெத்தைபோலக் கிடந்தது. கோடையில் ஒரு பொறி விழுந்தால் முழு மலையும் போய்விடும் என்றார். அதனால் ஒரு துண்டில் மரங்களை மட்டும் குறைத்து, இன்னொன்றில் குறைத்தபின் நெருப்பும் வைத்து, மற்றொன்றை அப்படியே விட்டு, எதில் நெல்லியும் பிற மலை மரங்களும் திரும்ப முளைக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிவர மண் தெரிய இலைகளை வழித்துவிட்டு, காற்று ஓய்ந்ததும் கொளுத்தினார்கள். நெருப்பு என் முழங்கால் அளவுக்குக்கூட எழும்பவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

அடுத்த சம்பந்தம் வெள்ளவத்தையிலேயே, எங்களுக்குப் பக்கத்து ஒழுங்கையில் பொருந்தி வந்தது. பெண் பள்ளியில் படிப்பிக்கிற ரீச்சர். இதுவும் தவறினால் தம்பி கடைசிவரை தனிக்கட்டைதான் என்று அம்மா பயந்துபோயிருந்தார். மாமாவின் நல்ல சேர்ட்டைத் தோய்த்துக் கடற்காற்றில் காயவிட்டும் புகை மணம் போகவில்லை என்று புலம்பினார். உத்தியோகத்துக்குச் 'சுற்றாடல் ஆராய்ச்சி' என்று பெயர் வைத்தார். புறப்படும்போது என்னைப் பிடித்து வைத்துச் சொன்னார்:

“நெருப்பு எண்ட சொல்லே உன்ர வாயில வரக்கூடாது.”

பெண் வீட்டில் பற்றீஸும் கேக்கும் தந்தார்கள். பெரியவர்கள் சுற்றாடல் ஆராய்ச்சியைப் பற்றிக் கதைத்தார்கள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் காட்டுவதாகச் சொல்லி ரீச்சர் என்னை பல்கனிக்குக் கூட்டிப்போனார். கீழே தண்டவாளத்தில் கோச்சி ஒன்று இரைந்துகொண்டு கடந்து போனது. பிறகு கேட்டார்:

“உங்கட மாமா உண்மையில என்ன வேலை செய்யிறவர்?”

ரீச்சருக்குப் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

“காட்டுக்கு நெருப்பு வைக்கிறவர்.”

அவர் திடுக்கிடவில்லை. “வைச்சிட்டு வந்திடுவாரோ?” என்றார்.

“இல்லை. அணையும் மட்டும் நிப்பார். மற்ற ஆக்கள் எல்லாரும் சாப்பிடப் போயிட்டினம். இவர் மட்டும் சாம்பலைக் கையால தொட்டுத் தொட்டுப் பாத்துக்கொண்டு நிண்டார். எனக்குச் சரியான பசி.”

ரீச்சர் சிரித்தார். உள்ளே போய் இன்னொரு பற்றீஸ் எடுத்துவந்து என் கையில் தந்தார்.

மறுநாளே சம்மதம் என்று செய்தி வந்தது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது; எல்லாம் தான் வைத்த பெயரின் புண்ணியம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. ரீச்சர் என் மாமியாகி, மாமாவோடு மலைக்குப் போய்க் குடியேறிய பிறகும் வெகுகாலம், அன்று பல்கனியில் அவர் விசாரித்தது நெருப்பைப் பற்றித்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.