ஆயுத பூஜையில் நின்ற பயாஸ்

விருத்தாசலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவளுக்கு முதல் கருவி ஸ்குரூ டிரைவர் இல்லை, பெயிண்ட் பிரஷ். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே வெள்ளையாகத் தூசி உட்கார்ந்திருக்கும். பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து வந்த பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம், ஃபேனுக்கு இறக்கை இருக்கிறதா என்றே தெரியாது. அதைப் பொறுமையாகத் துடைத்து எடுத்த பிறகுதான் என்ன கோளாறு என்று யோசிக்கவே ஆரம்பிக்க முடியும். எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் பிழைப்பு அப்படி அமைந்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு அதே பேட்டையில் சூளை வேலை. மின்கம்பத்தில் கம்பி தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற சின்னக் கம்பெனி அது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான் இருந்தார். அப்போது எண்ணெய்ச் சூளை. பிறகு முதலாளி கடனை உடனை வாங்கிக் கரண்டுச் சூளை போட்டார். அதை ஓட்டுவதற்கு ஒரு இரும்புப் பெட்டி, இரும்புப் பெட்டிக்கு உத்தரவு போட ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்குள் ஒரு சாஃப்ட்வேர். எந்த நேரத்தில் எவ்வளவு சூடு ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பதெல்லாம் அந்த சாஃப்ட்வேர்தான் சொல்லும். இரும்புப் பெட்டியில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. முதல் தடவை அதைப் பார்த்தபோதே, இதைச் செய்தவன் வீட்டில் ஃபேனுக்காவது சுவிட்சு வைத்திருப்பானா என்று கேட்டேன். முதலாளி சிரித்தார். சிரிக்கிற விஷயம் இல்லை என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது.

பேட்டையில் ஆயுத பூஜை என்றால் பெரிய விசேஷம். மிக்ஸர், பிரஸ், கம்ப்ரஸர், தள்ளுவண்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவார்கள். கற்பூரம் காட்டுவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட வேண்டும். வருஷம் பூரா உழைத்த மெஷின் சாமி முன்னால் அடங்கி நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த மெயினை நிறுத்துவதும், பூஜை முடிந்து மறுபடி போடுவதும் சூளைக்காரர் கையால்தான் நடக்கும். என் வீட்டுக்காரருக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. அன்றைக்கு மட்டும் வேட்டி கட்டிக்கொண்டு போவார்.

அந்த வருஷமும் அப்படித்தான் நடந்தது. கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தார்கள், திரையில் துணி போட்டு மூடினார்கள், மேலே ஒரு சாமந்தி மாலை. பக்கத்தில் யு.பி.எஸ் ஒன்று இருந்தது. அதன் பேட்டரி செத்துப் பல காலம் ஆகிவிட்டது. செத்ததற்கும் பொட்டு வைத்தார்கள். என் வீட்டுக்காரர் மெயினை நிறுத்தினார், கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், மெயினைப் போட்டார். எல்லா மெஷினும் வந்தது. கம்ப்யூட்டரில் ஃபேன் மட்டும் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது.

மறுநாள் லீவு. அதற்கு அடுத்த நாள்தான் எனக்கு போன் வந்தது. சும்மா வயர் கழன்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வயர் கழலவில்லை. மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன். மெமரியே இல்லாமல் போட்டுப் பார்த்தேன். அப்படிப் போட்டால் நல்ல மதர்போர்டு பீப் பீப் என்று கத்தும். இது கத்தவில்லை. மதர்போர்டில் இருக்கிற சின்ன பேட்டரியைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வந்து மாட்டினேன். கீபோர்டில் விளக்குகூட எரியவில்லை. ஃபேன் சுற்றும், கொஞ்ச நேரத்தில் நிற்கும், மறுபடி சுற்றும். இந்த நோயை நான் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன்.

மதர்போர்டில் விரல் நகம் அளவு ஒரு சிப் இருக்கும். கரண்டு வந்ததும், நீ யார், உன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்து எழுப்பிவிடுவது அதற்குள் இருக்கிற பயாஸ். அதைப் புதுசாக மாற்றி எழுதும்போது முதலில் பழசை அழிக்கும், பிறகு புதுசை எழுதும். நடுவில் கரண்டு போனால் பழசும் இல்லை, புதுசும் இல்லை. முதலாளியை வெளியே கூப்பிட்டு, யாராவது அப்டேட் ஏதாவது போட்டீர்களா என்று கேட்டேன்.

அவர் சூளைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே என் வீட்டுக்காரர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். கம்ப்யூட்டர் அடிக்கடி நின்று நின்று போகிறது என்று சென்னையில் இருக்கிற மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் பூஜையன்று காலையில் அங்கிருந்தபடியே இந்த மெஷினுக்குள் வந்து பார்த்து, பயாஸ் பழசாக இருக்கிறது என்று அப்டேட்டைப் போட்டுவிட்டு, இறங்கித் தானாக எழுத நேரம் ஆகும், திரையில் கோடு ஓடி முடிகிறவரை நிறுத்தாதீர்கள் என்று போனில் சொல்லியிருக்கிறான். இவர் சரி என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். குளித்துவிட்டு வந்தவருக்குப் பூ வரவில்லை, பொரி வரவில்லை என்று ஆயிரம் கவலை. மறந்துபோனார். எனக்கு வந்த கோபத்துக்கு அப்பன் மகன் இரண்டு பேரையும் நிற்க வைத்துத் திட்டியிருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இப்போது என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்டேன்.

"மெயின நிறுத்துனது தன் கைதான்னு ஒன் வீட்டுக்காரனுக்குத் தெரிய வேணாம்மா. தெரிஞ்சா தாங்க மாட்டான். மதர்போர்டு பழசாயிடுச்சின்னு சொல்லிடு" என்றார்.

சரி என்றேன். அன்று சாயங்காலமே வீட்டில் அப்படியே சொன்னேன். என் வீட்டுக்காரர், சரியாகிவிடுமா என்று மட்டும் கேட்டார். செய்துவிடலாம் என்றேன். எப்படியும் செய்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அந்தச் சூளை நின்றால் அவர் வேலை நிற்கும். அதுகூடப் பெரிதில்லை, சூளையை நிறுத்தியது தன் கைதான் என்று என்றைக்காவது அவர் காதில் விழுந்துவிடும். மெஷின் பிழைத்துவிட்டால் யாருக்கும் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தேன். மதர்போர்டு செய்தவர்களின் இணையதளத்திலிருந்து சரியான பயாஸ் ஃபைலை இறக்கி, பென் டிரைவில் போட்டு, அவர்கள் சொன்ன பெயரை வைத்து மாட்டிப் பார்த்தேன். சில மதர்போர்டு அப்படியே எழுந்துகொள்ளும். இது எழவில்லை. அப்புறம் கடைசி வழிதான். சிப்பின் கால்களில் கிளிப் மாட்டி, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து நேராக அதற்குள் எழுதுகிற சின்னக் கருவி ஒன்று என்னிடம் உண்டு. மாட்டினால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரிப் படித்தது. கால்களுக்கு அடியில் பேட்டைத் தூசி. பல் குத்தும் குச்சியும் ஸ்பிரிட்டும் வைத்துச் சுத்தம் செய்தேன். கண் எரிந்தது. அதன் பிறகு ஒரே மாதிரிப் படித்தது. உள்ளே பார்த்தால் முன்பாதியில் புது எழுத்து, பின்பாதி வெறும் காலி. அழித்தது அழித்தபடி இருந்தது.

புது ஃபைலை முழுசாக எழுதி, சரிபார்த்து, கிளிப்பை எடுத்துவிட்டுக் கரண்டு கொடுத்தேன். ஒரு சின்னச் சத்தம். திரையில் மதர்போர்டின் படம் வந்தது. என் வீட்டுக்காரர் அப்போது கடை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். வேலை இல்லாததால் தினமும் வந்து நிற்பார், பார்சல் டீ வாங்கி வருவார். திரையைப் பார்த்ததும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

பெட்டியை ஆட்டோவில் வைத்துப் பேட்டைக்குக் கொண்டுபோனோம். மாட்டினோம். விண்டோஸ் வந்தது. சூளை சாஃப்ட்வேரைத் திறந்ததும், இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி இல்லை என்று ஒரு கட்டம் வந்தது. அவ்வளவுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு மதர்போர்டுக்கும் பிறக்கும்போதே ஒரு அடையாள எண் கொடுத்து அந்த சிப்பிலேயே எழுதி வைப்பார்கள். சூளை சாஃப்ட்வேர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் திறக்கும். அந்த எண் இருந்தது பின்பாதியில். நான் எழுதிய புது பயாஸுக்கு எண்ணே கிடையாது. மெஷின் அதே மெஷின், சாஃப்ட்வேருக்கு மட்டும் அது யாரோ. பழைய எண் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஹார்டு டிஸ்க் முழுக்கத் துழாவினேன். சாஃப்ட்வேர் தனக்கென்று வைத்திருந்த ஃபைலில் அது இருந்தது, ஆனால் எண்ணாக இல்லை. அரைத்துக் கரைத்து என்னவோ செய்து வைத்திருந்தது. சாம்பாரிலிருந்து பருப்பைத் திரும்ப எடுக்க முடியுமா. முடியாது என்று தெரிந்தும் கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

சாஃப்ட்வேர் போட்ட கோயம்புத்தூர் கம்பெனிக்கு போன் அடித்தால் அந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. மெயில் திரும்பி வந்தது. முதலாளி நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த இடத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை இருக்கிறதாம். நடத்தியவர் வெளிநாடு போய்விட்டாராம், எந்த நாடு என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. முதலாளி வீட்டம்மா கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டலாம் என்றார்கள். அநியாயம் செய்தவன் பேரையும் ஊரையும் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டால் சாமி பார்த்துக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. யார் பேரை எழுதுவது என்று கேட்டேன். கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

சுடாத இன்சுலேட்டர்கள் அலமாரி அலமாரியாகக் காய்ந்து கிடந்தன. வேறு கம்பெனிச் சூளையில் சுட்டுக்கொள்ளலாம் என்று ஒரு லோடு கொண்டுபோனார்கள். போகிற வழியில் பாதி உடைந்தது, மீதியில் பாதி அந்தச் சூட்டுக்கு ஒத்துக்கொள்ளாமல் வெடித்தது. கடைசியில் வேலைக்கு வந்த பெண்கள் மிச்சத்தையெல்லாம் எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார்கள். சுடாத மண், கொஞ்ச நேரத்தில் கரைந்து கூழாகிவிட்டது. அவர்கள் கையால் வார்த்து, செதுக்கி, தேய்த்தவைதான். நான் நின்று பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம்.

வேறு பெட்டி, வேறு சாஃப்ட்வேர் என்று புதுசாகப் போடலாம் என்று நானே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். மகன் வரப்போவதில்லை, தனக்கும் முடியவில்லை என்றார். பொங்கலுக்குள் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் பேட்டையில் ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கினார். எங்கும் இருக்கிற ஆளையே குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது வேப்பூரில் மெயின் ரோட்டு ஓட்டல் ஒன்றில் தோசைக்கல்லில் நிற்கிறார். சூடு எல்லாம் ஒரே சூடுதானே என்று ஆரம்பத்தில் சொல்லிச் சிரித்தார். இப்போது சொல்வதில்லை. வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அதோடு சரி. வேலை போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன், நாள்பட்டால் ஆறும் என்று நினைத்தேன்.

ஆறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படி எத்தனை நாளைக்கு இருக்கப்போகிறீர்கள், நீங்களா கெடுத்தீர்கள், மதர்போர்டு பழசு, அது தானாகப் போனது, அதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கத்தினேன். முதலாளிக்குக் கொடுத்த வாக்கை அப்போதும் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"பூஜையன்னிக்கித் தெரைய மூடுனது நாந்தான். ஒரு கோடு ஓடிக்கிட்டு இருந்துது, பாதிக்கு வந்திருந்துது. என்னாத்துக்கு ஓடுதுன்னு ஒன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். போனு சட்டைப் பையிலதான் இருந்துது" என்றார்.