மாடிக்காரரின் முட்டி வலி

கட்டடம் கட்டுகிற இடத்தில் அவருக்கு மாடிக்காரர் என்று பெயர். டவர் கிரேன் ஓட்டுபவர். காலையில் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவுமாக ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் தரையில் கால் வைப்பார். இருபத்தொரு வருஷம் இப்படித்தான். உச்சியில் கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே சிக்னல் காட்டுகிறவர்களை வாக்கிடாக்கியில் வாங்கு வாங்கென்று வாங்குவார். "சிக்னல் காட்டுறியா, ஈ ஓட்டுறியா?" என்பார். மேலே உட்கார்ந்தவனுக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிடத்தான் செய்கிறது.

நாற்பத்தேழாவது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏணியின் பாதியில், அவர் கை கம்பியைப் பிடித்தது பிடித்தபடி நின்றுவிட்டது. காற்றில்லை, மழையில்லை, முந்தின நாள் விபத்து எதுவும் நடக்கவில்லை. கீழே பார்த்தார், அவ்வளவுதான். கால் மணி நேரம் ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு படியாக எப்படியோ இறங்கி வந்தவரை இன்ஜினியர் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"முட்டி சார். பிடிச்சுக்கிச்சு" என்றார்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. வந்த பொய்க்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. வேலை இடத்தில் நொண்டினார். வீட்டிலும் நொண்டினார். தையல் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, சாயங்காலம் வந்ததும் வராததுமாகத் தைலப் பாட்டிலோடு உட்கார்ந்துவிடுவாள். "காலை நீட்டுங்க" என்பாள். நீட்டுவார். வலிக்காத முட்டியை அவள் நீவிக்கொண்டிருப்பாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள் அவளுடையவை. அவமானத்தில் காலை இழுத்துக்கொள்ளப் பார்ப்பார்.

கேபினுக்கு வேறொரு ஆபரேட்டர் வந்தாள். முப்பது வயதிருக்கும், தொழில் சுத்தம். இவரைத் தரையில் சிக்னல் காட்டப் போட்டார்கள். மூன்று வாரம் கழித்துக் கம்பெனி டாக்டர் முட்டியைப் பார்ப்பார், நன்றாக இருந்தால் மறுபடியும் மேலே போகலாம் என்றார்கள். முட்டி நன்றாகத்தான் இருக்கும், அதுதானே வம்பு! ஏறிப்போய், கொக்கியில் சுமை தொங்குகிற நேரத்தில் கை நின்றுவிட்டால் கீழே இருக்கிறவன் செத்தான். உண்மையைச் சொன்னாலோ, மாடிக்காரர் பயந்துவிட்டார் என்று மானம் கப்பலேறும். வேலையும் போகலாம்.

மேலேயிருந்து பார்க்கும்போது கீழே இருந்தவர்களெல்லாம் மஞ்சள் ஹெல்மெட்டுகள். தரைக்கு வந்தபிறகுதான் அவற்றுக்கு முகம் முளைத்தது. ஒருத்தன் நாள் முழுக்க இருமுகிறான், இன்னொருத்தன் போனில் குழந்தையைக் கொஞ்சுகிறான். தொங்கும் சுமைக்கு அடியில் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்து போகிறார்கள். இவருக்கோ தொங்குவதெல்லாம் விழப்போவதாகவே தோன்றியது. ஒவ்வொருத்தராக விரட்டினார். கடைசி ஆள் நகரும்வரை தூக்கு என்று சொல்லமாட்டார்.

"என்ன மாடிக்காரரே, வானம் இடிஞ்சு விழப்போவுதா?" என்று கம்பி கட்டுகிறவன் கிண்டலடித்தான்.

"விழுந்தா அடியில நீதான்டா இருப்ப. நகரு."

இதே காரியத்தை முன்பு சிக்னல்காரர்கள் செய்தபோதுதான் ஈ ஓட்டுவதாக அவர் ஏசியிருக்கிறார். அவர்கள் முகம்கூட அவருக்கு ஞாபகமில்லை. அதை நினைத்து வருத்தப்பட்டார்.

டாக்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், ஒரு கம்பிக்கட்டு ஐந்தாவது மாடி உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அடியில் ஈ காக்கை இல்லை, எல்லாரையும் விரட்டியாயிற்று. எங்கிருந்தோ ஒரு காற்று. கட்டு ஆட ஆரம்பித்தது. பக்கத்துச் சாரத்தில் ஆறு பேர் பூசிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று இறங்க வழியில்லை.

"நிறுத்தும்மா. ஆட்டத்தை அடக்கு" என்றார். கிரேன் நின்றது, ஆட்டம் நிற்கவில்லை. கூப்பிட்டார், பதிலில்லை. வாக்கிடாக்கியில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு அவருக்குத் தெரிந்த மூச்சு.

"தங்கச்சி, கை நகரலையா?"

"நகரலண்ணே."

இன்ஜினியரிலிருந்து கதவுக் காவலாளிவரை அந்த இடத்தில் எல்லாருக்கும் ஒரே லைன். சொன்னால் அத்தனை காதிலும் விழும். அவர் சாரத்தைப் பார்த்தார்.

"எனக்கும் இப்படித்தான் ஆச்சு. எனக்கு முட்டி வலியே கிடையாதும்மா. ஏணியில பாதியில பயந்துபோய் நின்னுட்டேன், வெளிய சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன். பயந்தாப் பரவால்ல. ஆளுங்களைப் பாக்காத, கொக்கிய மட்டும் பாரு. ஆளுங்களை நான் பாத்துக்கறேன். கட்டு எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கமே மெதுவா விடு. எதிர்த்து இழுக்காத. ம்... இப்ப விடு."

கிரேனின் நீண்ட கை ஒரு சாண் நகர்ந்தது. அப்புறம் இன்னொரு சாண். கம்பிக்கட்டு ஆடி அடங்கித் தரைக்கு வந்து சேர நாலு நிமிஷம் ஆயிற்று. அந்த நாலு நிமிஷமும் லைனில் அவர் குரலைத் தவிர வேறு குரலில்லை.

இன்ஜினியர் வந்தார். "மூணு வாரமா நொண்டுனீங்களே."

"ஆமா சார்."

அதற்குமேல் அவர் என்ன கேட்டிருப்பாரோ, வாக்கிடாக்கியில் மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "சார், கீழ அண்ணன் நின்னாத்தான் நான் நாளைக்கு ஏறுவேன்."

டாக்டர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவரைத் தரையிலேயே நிரந்தரமாகப் போட்டார்கள். எட்டு வருஷமாகிறது. மாடிக்காரர் என்ற பெயரை யாரும் மாற்றவில்லை. அவர் நிற்கிற இடத்தில் தொங்கும் சுமைக்கு அடியில் இன்றுவரை ஒருத்தனும் நடந்ததில்லை. அந்தப் பயம் வராமல் போயிருந்தால் கடைசிவரை ஹெல்மெட்டுகளைத்தான் பார்த்திருப்பேன் என்று அவரே சொல்வார்.

கம்பிக்கட்டு ஆடிய அன்று சாயங்காலம் மனைவி தைலத்தோடு வந்து உட்கார்ந்தாள். அவர் காலை நீட்டவில்லை.

"எனக்கு முட்டி வலி இல்ல" என்றார்.

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"மொத நாள் வலது காலை நீட்டுனீங்க. மூணாம் நாள் இடது காலை."

"அப்புறம் எதுக்குத் தினமும் தேச்சுவிட்ட?" என்று கேட்டார்.

"வலி இருக்குன்னு தெரிஞ்சுது. எங்கன்னுதான் நீங்க சொல்லல."

மூன்று வாரம் தரையில் நின்றே வேலை செய்ததில் அவருக்கு இப்போது நிஜமாகவே இரண்டு முட்டியும் வலித்தன. இரண்டு காலையும் நீட்டினார்.