சன்னலுக்கு ரவிக்கை

மார்டள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்த பஞ்சவர்ணம் ஆறு வருடம் கட்டட வேலையில் ஜல்லி சுமந்தாள். பிறகு அங்கேயே ஹெப்பாள் பகுதியில் ஒரு தையல் மிஷின் போட்டாள். 1997 கோடையில் அவளைவிட மிஷின்தான் அதிகம் ஓய்வெடுத்தது. பக்கத்துத் தொழிற்சாலையின் சீருடை வேலை கிடைத்தால் பிழைப்பு. கிடைக்காவிட்டால் மறுபடி தலையில் சும்மாடு.

அந்தத் தொழிற்சாலையின் மேனேஜர் சிவகுமார் ஒருநாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார். விருந்தினர் விடுதியில் தங்கியிருந்த ஜெர்மன்காரர், சக்கரம் வைத்த ஏசி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதன் முதுகில் சொம்பு வாய் அகலத்துக்கு ஒரு குழாய். சூடு அதன் வழியாக வெளியே போகவேண்டும். ஃபிட்டர் மஞ்சுநாத் சன்னலை அகலத் திறந்து குழாயை நீட்டிவிட, குழாய் வழியே போன சூடு சன்னல் வழியே சாவகாசமாகத் திரும்பி வந்தது. ஜெர்மன்காரர் தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டார்.

"சன்னல் இடுக்கத் துணியால அடைச்சுக் குடும்மா. ரூம் குளுந்தா சீருடை வேலை உனக்குத்தான்" என்றார் சிவகுமார்.

அளவெடுக்கப் போனவள், மூடியிருந்த அந்த வெளிநாட்டுச் சன்னலின் கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பி இழுத்தாள். கண்ணாடிக் கதவு மொத்தமும் மேலிருந்து அவள்மேல் சாய்ந்தது. இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு அலறினாள்: "ஐயோ, சீமைச் சன்னல ஒடச்சுப்போட்டனே! ஆராச்சும் ஓடியாங்க!"

ஓடிவந்த மஞ்சுநாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கைய எடுங்கக்கா. அது அப்படித்தான் சாயும், விழாது."

"நெசமாலுமா?"

"மொதல் நாள் நானும் கால்மணி நேரம் தாங்கிட்டு நின்னேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கையை எடுத்தாள். கதவு விழவில்லை. கீழே ஒட்டிக்கொண்டு, மேலே ஒரு சாண் உள்ளே சாய்ந்து நின்றது. இரண்டு பக்கமும் முக்கோணச் சந்து.

"அட, ரவிக்கை அக்குள்ல வெக்கிற துண்டுங்க இது!"

மழைக்கோட்டுத் துணியில் இரண்டு முக்கோணம், மேலே ஒரு பட்டை. பிள்ளைகள் ஷூவில் வருகிற ஒட்டுப்பட்டையை விளிம்பெல்லாம் தைத்து, ஒரு ஓரத்தைச் சன்னல் சட்டத்திலும் மறு ஓரத்தைக் கதவிலும் ஒட்டினாள். குழாய்க்கு ஒரு வட்ட ஓட்டை. சுற்றிலும் பாவாடை நாடா.

மறுநாள் மதியம் ஏசி ஓடத் தொடங்கியது. பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பஞ்சவர்ணம் போய் நாடாவை இன்னொரு இழுப்பு இழுத்து முடிந்தாள். அரைமணி கழித்து ஜெர்மன்காரர், நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கோட்டில்லாத சிவகுமார் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"காலைல டேப் எடுத்துட்டு வாம்மா. நானூறு பேரு."

விடிந்ததும் தொழிற்சாலை வாசலில் வரிசை நின்றது. முதல் ஆளின் இடுப்பைச் சுற்றி டேப்பை வளைத்த பஞ்சவர்ணம், வரிசைக்கே கேட்கும்படி சொன்னாள்:

"மூச்ச உள்ள இழுக்காதீங்கண்ணா. தொப்பைக்குத்தான் தெக்கறேன், ஆசைக்கு இல்ல!"